போர்டில் பேர் எழுதாமல் இருக்க ஐந்து ரூபாய்

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார், நான் வீட்டிலேயே தறிக்கு நூல் தார் சுற்றுகிறேன். மகன் எட்டாம் வகுப்பு, வகுப்பு லீடர். டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பேரை போர்டில் எழுதி வைப்பது லீடர் வேலை. பேர் எழுதாமல் இருக்க ஒன்பது பையன்களிடம் வாரம் ஐந்து ரூபாய் வாங்கியிருக்கிறான். காசு இல்லாதவன் தட்டுவடை செட் வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். ஒரு பையன் பேர் மட்டும் தினமும் போர்டில் இருக்கிறதே என்று அவனுடைய அம்மா பள்ளிக்கு வந்து கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. ஜாமெட்ரி பாக்ஸில் 140 ரூபாய் இருந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேர் எழுதி டிக் போட்டு வைத்திருக்கிறான். அடித்துவிட்டேன். "நீ மட்டும் ஸ்காலர்ஷிப்புக்கு வருமான சர்டிபிகேட் வாங்க அந்த ஆபீஸ் ஆளுக்கு முந்நூறு ரூபா குடுக்கலையா?" என்று கேட்டான். அதற்கப்புறம் கை எழவில்லை. வீட்டுக்காரரோ சிரிக்கிறார், "புள்ள எங்க போனாலும் பொழைச்சுக்குவான்" என்கிறார். இவனை எப்படி நேர்மையானவனாக வளர்ப்பது? லீடர் பதவியை விடச் சொல்லட்டுமா? அவன் கேட்டதற்கு என்ன பதில் சொல்வது? பெயர் போட வேண்டாம்.

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இனிமேல் இந்த விஷயத்துக்காக அவனை அடிக்காதீர்கள், "திருடன்" என்ற சொல்லும் வீட்டில் வேண்டாம். பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை செய்த காரியத்துக்குப் பேர் வைக்கலாம், பிள்ளைக்கே அந்தப் பேரை வைத்துவிட்டால் அதைக் கழற்றுவது பெரிய பாடு. இருபது வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிற வேலை எனக்கு. காசு எடுத்த பிள்ளை, பரீட்சையில் பார்த்து எழுதிய பிள்ளை, மார்க் ஷீட்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்ட பிள்ளை என்று நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அதில் பெரும்பாலோர் நல்லபடியாகத்தான் வளர்ந்தார்கள், அதனால் பயந்துபோய் எதையும் செய்யாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் வந்து போகிறான் ஒரு பையன், தினமும் போர்டில் பேர் இருந்தவன். எனக்கு இந்த விஷயமே அவன்தான்.

அந்த வகுப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மத்தியானம், டீச்சர் ஆபீஸ் ரூமுக்குப் போயிருக்கிறார், உங்கள் மகன் சாக்பீஸோடு போர்டுப் பக்கம் நிற்கிறான். எல்லோரும்தான் பேசுகிறார்கள். ஒன்பது பேர் காசு கொடுத்துவிட்டார்கள், அவர்கள் பேரை எழுத முடியாது. போர்டு காலியாக இருந்தால் டீச்சருக்குச் சந்தேகம் வரும், யார் பேராவது இருந்தாக வேண்டும். அப்போது யார் பேர் ஏறும்? ஐந்து ரூபாய் கொடுக்க முடியாதவன் பேர். அவன் மறுபடி வாய் திறந்தால் பேருக்குப் பக்கத்தில் ஒரு இன்டு, அப்புறம் இன்னொரு இன்டு. டீச்சர் வந்ததும் முட்டி போடுவது அவன். அவன் அம்மா வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்து நிற்க வேண்டியதாயிற்று என்றால் எத்தனை நாள் இது நடந்திருக்கும்?

லஞ்சம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் கொடுக்கிறவரையும் வாங்குகிறவரையும் மட்டும் சொல்கிறோம், கொடுக்க முடியாமல் நிற்கிற மூன்றாவது ஆளை விட்டுவிடுகிறோம். உங்கள் மகனுக்கு இப்போது தெரிய வேண்டியது அந்த மூன்றாவது ஆள்தான். காசு கொடுத்தவர்களும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள், வாங்கியவனுக்கும் சந்தோஷம், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அவன் மனதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பெரியவர்களே அப்படித்தானே சொல்கிறார்கள்.

அதனால் புத்திமதி சொல்ல உட்காராதீர்கள். நீங்கள் தார் சுற்றும்போது அவன் பக்கத்தில் இருப்பானே, அப்போது கையில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சாதாரணமாகக் கேளுங்கள்: "ஏன் கண்ணு, அந்தப் பையன் நெசமாவே மத்தவங்களவிட ஜாஸ்தி பேசுவானா?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவன் பதில் சொல்லாமல் இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் பதிலை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு நாள் கழித்து அவனே எதையாவது சொல்வான். சொல்லும்போது முகத்தைச் சுளிக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டியது உங்கள் பங்கு.

இந்த இடத்தில் இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்ல வேண்டும், என் வேலையில் ரொம்ப உதவியவை. 1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஏறக்குறைய பதினோராயிரம் பிள்ளைகளுக்கு ஏமாற்றவும் பொய் சொல்லவும் எடுக்கவும் வாய்ப்புள்ள சூழ்நிலைகளை அமைத்துப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னொரு இடத்தில் சுத்தமாக நடந்துகொண்டது. நேர்மையான பிள்ளை, நேர்மையில்லாத பிள்ளை என்று இரண்டு கட்சியாகப் பிரிக்கவே முடியவில்லை, இடமும் சூழ்நிலையும்தான் பெரிய வேலை செய்தன. இன்னொன்று 2014இல் வந்தது, மூன்றிலிருந்து ஏழு வயதுச் சின்னப் பிள்ளைகளை வைத்துச் செய்தது. பொய் சொன்னவன் கெட்டழிந்தான் என்று முடிகிற கதைகளைக் கேட்ட பிள்ளைகளிடம் மாற்றம் ஒன்றும் இல்லை. உண்மையை ஒத்துக்கொண்ட பையனை அப்பா பாராட்டினார் என்று முடிகிற கதையைக் கேட்ட பிள்ளைகள், தாங்கள் செய்ததை ஒத்துக்கொள்ள அதிகமாக முன்வந்தார்கள். உங்கள் மகன் பெரிய பையன்தான், இருந்தாலும் ஒத்துக்கொண்டால் அடி விழும் என்று தெரிந்த வீட்டில் எந்த வயதுப் பிள்ளையும் ஒத்துக்கொள்ளாது என்பதை நான் தினம் பார்க்கிறேன்.

சரி, அந்த முந்நூறு ரூபாய்க்கு வருவோம். அவன் கேட்டது திமிர் என்று நீங்கள் நினைக்கலாம், கொஞ்சம் திமிரும் இருக்கலாம், ஆனால் கேள்வி நியாயமானது. "அது வேற, இது வேற" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை போதும், தன்னுடையதும் வேறதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையைச் சொல்லுங்கள். "ஆமா கண்ணு, குடுத்தேன். ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசித் தேதி வந்துருச்சு, குடுக்கலைன்னா இழுத்தடிப்பாங்கன்னு பயந்தேன். எனக்கு முன்னாடி வரிசையில நின்னவங்கள்ல எத்தனை பேரு குடுக்க முடியாம திரும்பிப் போனாங்களோ, அன்னைக்கு நான் அதை யோசிக்கலை." இதைச் சொல்வதால் நீங்கள் அவன் கண்ணில் சின்னவராகிவிட மாட்டீர்கள். அம்மா ஒரு தப்பை வாய்விட்டு ஒத்துக்கொள்வதை அவன் பார்ப்பதுதான் இந்த வீட்டில் நடக்கிற முதல் பாடம்.

சட்டத்தையும் அவனுக்குச் சொல்லலாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். ஊழல் தடுப்புச் சட்டம் 1988இல் வந்தது, 2018இல் அதைத் திருத்தி லஞ்சம் கொடுப்பதையும் நேரடியாகவே குற்றம் ஆக்கினார்கள், ஏழு வருடம் வரை சிறை. வேறு வழியில்லாமல் வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் சொல்லிவிட்டால் அவர் மேல் குற்றம் இல்லை. லஞ்ச ஒழிப்புத் துறைக்கு நம் சேலத்திலேயே பிரிவு இருக்கிறது. இதை அவனைப் பயமுறுத்தச் சொல்லாதீர்கள், புகார் சொல்ல ஒரு இடம் இருக்கிறது என்பதை அம்மாவும் மகனும் சேர்ந்து தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். வருமானச் சான்றிதழ் ஒரு தடவையோடு முடிகிறதல்ல, மறுபடி வாங்க வேண்டி வரும். அடுத்த முறை ஒரு மாதம் முன்னாலேயே அவனைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள், விண்ணப்பத்தை அவனையே சரிபார்க்கச் சொல்லுங்கள், கட்டணம் கட்டி ரசீதை அவன் கையில் கொடுங்கள். சான்றிதழ் வர நாலு நாள் கூட ஆகலாம், ஆகட்டும். காத்திருந்து வாங்கினோம் என்பது அவனுக்கு நினைவில் நிற்கும்.

வீட்டுக்காரர் சிரிக்கிறார் என்றீர்கள். அவரோடு சண்டை போட வேண்டாம். அவர் சொல்வதில் பாதி சரி, உங்கள் மகனுக்குத் தலை இருக்கிறது, கணக்கு வைத்துக்கொள்ளத் தெரிகிறது, ஆட்களைச் சமாளிக்கத் தெரிகிறது. ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள். மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிற மனிதர் அவர். துணியை அளக்கிற ஆள் ஒருத்தன், காசு கொடுத்தவனுக்குச் சரியாக அளந்து, கொடுக்காதவனுக்கு அரை மீட்டர் குறைத்து எழுதினால், "அவன் பொழைச்சுக்குவான்" என்று அவர் சிரிப்பாரா? நம் மகன் இப்போது அளக்கிற ஆள் இடத்தில் நிற்கிறான், அவ்வளவுதான் விஷயம். இதை அவரே மகனிடம் சொன்னால், நானும் நீங்களும் சொல்வதைவிடப் பத்து மடங்கு ஏறும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அளவு குறைந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பது சொல்லாமலே தெரியும்.

பள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீச்சரைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நாற்பது ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பதின்மூன்று வயதுப் பையன் கையில் சாக்பீஸைக் கொடுத்து, யாருக்குத் தண்டனை என்பதை அவன் ஒருத்தனே முடிவு செய்ய விட்டு, அவன் எழுதியது சரியா என்று ஒரு நாளும் யாரும் கேட்காமல் இருந்தால், அங்கே ஐந்து ரூபாய் புழங்கத்தான் செய்யும். முட்டி போட வைப்பதும் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. நீங்கள் டீச்சரைப் பார்க்கப் போகும்போது சண்டைக்காரராகப் போகாமல், "லீடரை வாரம் ஒருத்தராக மாத்திடலாமா டீச்சர், பேர் எழுதுறதுக்குப் பதிலா வேற ஏதாச்சும் வழி இருக்கா" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான டீச்சர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

வருடா வருடம் அக்டோபர் 31, சர்தார் படேல் பிறந்த நாளை ஒட்டி ஊழல் ஒழிப்பு விழிப்புணர்வு வாரம் வருகிறது. உறுதிமொழி எடுப்பார்கள், கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி நடக்கும். சில பள்ளிகளுக்கு நடுவராகப் போயிருக்கிறேன். எல்லாப் படத்திலும் ஒரு தொப்பைக்காரர், மேசை, மேசைக்கு அடியில் நீளுகிற ஒரு கை. பிள்ளைகள் நன்றாகவே வரைகிறார்கள். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளை கூட சாக்பீஸ் பிடித்த லீடரை வரைந்து நான் பார்த்ததில்லை, ஹோம்வொர்க் நோட்டைக் காட்ட மிட்டாய் கேட்கிறவனையும் வரைந்ததில்லை. ஊழல் என்றால் எங்கேயோ ஒரு ஆபீஸில் வயதான ஒருவர் செய்வது என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மகனும் போன வருடம் அந்த உறுதிமொழியைக் கை நீட்டிச் சொல்லியிருப்பான், மனதாரவே சொல்லியிருப்பான்.

என் அப்பா செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தார். காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், சாயங்காலம் செய்த உருப்படியையும் மிச்சத்தையும் திரும்ப எடை போடுவார்கள், ராவின தூளைக்கூட தரையிலிருந்து கூட்டி ஒரு டப்பாவில் எடுத்து வைப்பார்கள். சின்ன வயதில் நான் ஒருநாள் கேட்டேன், "உங்க மேல நம்பிக்கை இல்லையாப்பா அவருக்கு?" அப்பா சிரிக்கவில்லை. "எடை போடலைன்னா நாளைக்கு ஒரு கிராம் குறைஞ்சா யாரைச் சொல்வாங்க? என்னையத்தான். தராசுதான் சாமி என்னையக் காப்பாத்துது" என்றார். உருப்படி தராசில் ஏறும்போது அவரும் முதலாளியும் இரண்டு பேருமே முள்ளைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் நோட்டில் எழுதுவார்கள். அந்தக் காட்சி எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நாம் பொறுப்பைக் கொடுக்கிறோம், தராசைக் கொடுப்பதில்லை.

இதை ஏற்காட்டில் ஒரு பள்ளியில் நேராகவே பார்த்தேன். புதன்கிழமை தோறும் அங்கே போவேன், பெரும்பாலும் காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். ஆறாம் வகுப்பு டீச்சர் ஒருவர் வகுப்பின் மூலையில் ஆள் இல்லாத கடை வைத்தார். ஒரு அட்டைப் பெட்டியில் பென்சில், ரப்பர், பேப்பர், பக்கத்தில் விலை எழுதிய தாள், காசு போட ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். முதல் வாரக் கடைசியில் 38 ரூபாய் குறைந்தது. டீச்சருக்கு மனசு விட்டுப்போய்விட்டது, கடையை மூடிவிடுகிறேன் என்றார். ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளிடமே கேட்டோம். யார் எடுத்தது என்று கேட்கவில்லை, ஏன் குறைந்திருக்கும் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு சின்னப் பெண் எழுந்து, "பத்து ரூபாதான் இருந்துச்சு மிஸ், ரப்பர் மூணு ரூபா, மீதிச் சில்லறை பாட்டில்ல இல்ல, அதான் நாளைக்குப் போடலாம்னு எடுத்துக்கிட்டேன், மறந்துட்டேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் எழுந்தார்கள். ஒரு பையன் அழுதுகொண்டே, காசே இல்லாமல் பென்சில் எடுத்ததைச் சொன்னான். டீச்சர் அவனிடம் "சொன்னியே, அது பெரிய விஷயம் தங்கம்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே கடைக்கு ஒரு கடன் நோட்டு வந்தது, சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து எண்ணிப் போர்டில் எழுதுவது என்று ஆயிற்று, அந்த இரண்டு பேரும் தினம் மாறுவார்கள். அப்புறமும் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் குறைந்த நாள்கள் உண்டு. அந்த நாள்களில் யாரும் யாரையும் முறைக்கவில்லை, நோட்டைப் பார்த்தார்கள். கடை அந்த வருடம் முழுக்க நடந்தது.

இப்போது உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது. அந்தக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள், அதுதான் இப்போது உங்களுக்கு உதவும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அதில் டிக் டிக்காக இருக்கிறது. அவனையே உட்கார்ந்து கூட்டச் சொல்லுங்கள், தட்டுவடை செட்டுக்கும் விலை போட்டு. கையில் இருக்கிற 140 போக மிச்சம் எவ்வளவு வருகிறதோ அதை நீங்கள் கொடுத்துவிடாதீர்கள், அவன் கைச்செலவுக்குக் கொடுப்பதில் வாரா வாரம் கழித்துக்கொள்ளுங்கள், மெதுவாக அடையட்டும். ஒவ்வொருவனிடமும் அவனே கொடுக்கட்டும், கூட்டத்தில் வேண்டாம், பிரேயரில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைப்பது கண்டிப்பாக வேண்டாம், பள்ளி அப்படிச் சொன்னால் நீங்கள் மறுத்துவிடுங்கள். அவமானப்பட்ட பிள்ளை அடுத்த முறை இன்னும் கெட்டிக்காரத்தனமாக மறைக்கத்தான் கற்றுக்கொள்கிறது.

அந்தப் பத்தாவது பையனுக்குத் திருப்பித் தரக் காசு எதுவும் இல்லை, அவன்தான் கொடுக்கவே இல்லையே. அவனுக்குத் தர வேண்டியது வேறு. "இவன் பேரை நான் வேணும்னேதான் எழுதினேன் டீச்சர், இவன் மத்தவங்களவிட அதிகமாப் பேசலை" என்று அந்தப் பையன் பக்கத்தில் இருக்கும்போது டீச்சரிடம் உங்கள் மகன் சொல்ல வேண்டும். ஒன்பது பேருக்கும் காசைத் திருப்பித் தருவதைவிட இது கஷ்டமாக இருக்கும். நீங்கள் கூடப் போங்கள், வாசலில் நில்லுங்கள், அவனுக்காக நீங்கள் பேசாதீர்கள். முடிந்தால் அந்தப் பையனின் அம்மாவை நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள். அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார்.

லீடர் பதவி பற்றிக் கேட்டீர்கள். விடத்தான் வேண்டும், ஆனால் நீங்கள் பிடுங்க வேண்டாம், டீச்சரிடம் பேசப் போகும் அதே நாளில் அவனே "இப்போதைக்கு வேற யாராச்சும் இருக்கட்டும் டீச்சர்" என்று சொல்லட்டும். அதோடு வீட்டில் அவனுக்கு வேறு பொறுப்பு ஒன்று கொடுங்கள். பால்காரர் கணக்கு, மளிகைக் கடைக் கணக்கு, இரண்டையும் அவனே ஒரு நோட்டில் எழுதட்டும், மாசக் கடைசியில் காசையும் அவன் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்ட பிறகு அப்பாவும் அவனும் நோட்டைப் பார்க்கட்டும், கூடவே உங்கள் தார்க் கணக்கையும் அவர் தறிக் கணக்கையும் அதே நோட்டில் எழுதுங்கள், அவனும் உங்கள் கணக்கைப் பார்க்கட்டும். குறைந்தால் குறைந்தது என்று சொல்லப் பழகட்டும்.

இதற்கப்புறமும் வீட்டில் காசு காணாமல் போகிறது, பள்ளிக்கே போகாமல் எங்கேயோ போய் வருகிறான், தேவையில்லாத விஷயத்துக்கெல்லாம் பொய் வருகிறது என்றால் அப்போது ஒரு ஆலோசகரிடம் நேரில் கூட்டிக்கொண்டு போங்கள், பள்ளியிலோ அரசு மருத்துவமனையிலோ கேட்டால் வழி சொல்வார்கள். இப்போது அதற்கு அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த வாரம் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கூட்டி முடியுங்கள்.